மன அழுத்தம் அளக்கப் போய் உடம்புச் சூட்டில் வந்து நின்ற கதை

மாமா பட்டாளத்தில் 24 வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியவர். அக்காவின் வீட்டுக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி, அப்புறம் பனியும் பாலைவனமும். இப்போது வேலூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய மைதானத்தில் விடிகாலை 5 மணிக்குப் பையன்களை ஓடவிடுகிறார். அக்னிவீர் ஆள்சேர்ப்புக்குத் தயாராகிற பையன்கள். 1600 மீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண் 60. இரண்டு வினாடி குறைக்க ஆறு மாதம் ஓடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஓட்டத்தில் தேறிவிட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தனி நடை. 12 கிலோ பிட்டு மாட்டிக்கொண்டு 8 கிலோமீட்டர். பிட்டு என்றால் தேங்காய்ப் பூ போட்டுச் சாப்பிடும் பிட்டு அல்ல. முதுகில் மாட்டும் மூட்டைக்குப் பட்டாளத்து இந்தி. “உள்ள போனப்புறம் 5 கிலோமீட்டரு துப்பாக்கியோட ஓடணும், 9 அடிப் பள்ளம் தாண்டணும். அப்போ அழுவக் கூடாதுன்னுதான் இப்பவே அழ வைக்கிறேன்” என்பார்.

போன மார்ச்சில் அப்படி ஒரு நடையில் ஒரு பையன் சுருண்டு விழுந்தான். விழுவதற்குப் பத்து நிமிடம் முன்புகூட “நல்லாத்தான் இருக்கேண்ணே” என்றிருக்கிறான். நிழலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாயங்காலத்துக்குள் தேறிவிட்டான். ஆனால் மாமாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குப் போன் போட்டார். “மாப்ளே, நீதான் வயரு, சிப்புன்னு எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருக்கியே. ஒருத்தன் உள்ளுக்குள்ள எவ்ளோ அழுத்தத்துல இருக்கான்னு காட்டுற மாதிரி ஒண்ணு பண்ண முடியாதா?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். சிப்பாய்களின் அழுத்தத்தை உடம்பில் கட்டும் சென்சாரால் அளப்பதைப் பற்றி நிறையப் படித்திருந்த திமிர். அடுத்த மூன்று மாத ஞாயிறுகள் அதில் போயின.

உள்ளங்கைக் காலம்

அழுத்தம் என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது தோலின் மின்கடத்தலில். மனசு படபடத்தால் உள்ளங்கை வேர்க்கும், வேர்த்தால் மின்சாரம் சுலபமாகப் பாயும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் அந்த வகை வேர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. அதிர்ச்சி ஏதாவது நடந்து 1 முதல் 3 வினாடிக்குள் திரையில் அந்த மின்கடத்தலின் கோடு மேலே ஏறும். மின்சுற்றும் எளிது: இரண்டு விரலுக்கு நடுவே அரை வோல்ட் கொடுத்து, பாயும் மின்சாரத்தை ஒரு ஆப்-ஆம்ப் (சின்ன மின் அளவைப் பெரிதாக்கும் சிப்) வைத்துப் பெருக்கி அளந்தால் போதும்.

சென்னை ரிச்சி தெருவில் இஎஸ்பி32 போர்டு (வைஃபை, ப்ளூடூத் உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்) ஒன்று, நாடித்துடிப்புக்கு மேக்ஸ்30100 போர்டு ஒன்று, அசைவுக்கு எம்பியூ6050 ஒன்று வாங்கினேன். ஆப்-ஆம்ப் வீட்டில் கிடந்த எல்எம்358.

முதல் நாளே மேக்ஸ்30100 பேச மறுத்தது. எந்தச் சென்சார் பதில் சொல்கிறது என்று தேடும் ஐ2சி ஸ்கேன் போட்டால் ஒன்றும் இல்லை. வயரை மாற்றினேன், போர்டை மாற்றினேன், கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். கடைசியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் டேட்டா லைனிலும் கிளாக் லைனிலும் 1.8 வோல்ட்தான் நிற்கிறது. இந்த மலிவு போர்டில், லைனை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களை 1.8 வோல்ட் பக்கம் கட்டியிருக்கிறார்கள். 3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி32 சுமார் 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும். போர்டிலிருந்த அந்த மூன்று குட்டி ரெசிஸ்டர்களையும் சால்டரிங் அயர்னால் நக்கி எடுத்துவிட்டு, வெளியிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் போட்டதும் சமர்த்தாகப் பேசியது. ரெசிஸ்டர் கடுகில் பாதி அளவு. ஒன்று எகிறிப் போய் இன்னமும் கிடைக்கவில்லை, தேவையும் இல்லை.

அப்புறம் தோல் பக்கம். மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, 1022-இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னேன். ஆய்வுக்கூடங்களில் ஆளைப் பதற வைக்க வழக்கமாகச் செய்வது இது. “1009… 996… 983…” என்று மாமா சம்பளக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி போனார். கோடு கொஞ்சம் ஏறி, அப்புறம் பலகை போல நேராக நின்றது. ஆகா, என்ன ஒரு சாந்தம், பட்டாளத்து மனசு என்றால் இதுதான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளேயிருந்து, “கேஸ் புக் பண்ணீங்களா இல்லியா?” என்று கேட்டாள். மாமாவின் முகம் மாறியது. கோடு மாறவில்லை.

அங்கேதான் சந்தேகம் வந்தது. எல்எம்358 தன் சப்ளை வோல்ட்டேஜ் வரை எட்டாது. சுமார் ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். 3.3 கொடுத்தால் 1.8-க்கு மேல் போகாது. நான் மாமாவின் சாந்தம் என்று பார்த்தது, ஆப்-ஆம்ப் தலை முட்டி நின்ற இடம். சப்ளை வரை எட்டும் ஆப்-ஆம்பான எம்சிபி6002 போட்டு மறுபடி பார்த்தால், 983 தாண்டியதுமே மாமா தடுமாறியிருக்கிறார். கேஸ் சிலிண்டர் கேள்விக்கு இரண்டு வினாடியில் மலை மாதிரி ஏறுகிறது. அக்கா அதைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தாள்.

இன்னொரு சறுக்கல்: அளவை எடுக்க 25-ஆம் பின்னில் கட்டியிருந்தேன். வைஃபை ஆன் செய்த நிமிடம் எண்கள் வருவது நின்றுபோனது. இஎஸ்பி32-இல் வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி இரண்டு பகுதி. இரண்டாவது பகுதிப் பின்கள் வைஃபை ஓடும்போது உதவாது. 32 முதல் 39 வரையுள்ள பின்னுக்கு மாற்றினால் சரி. இது ஆவணத்திலேயே இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

வீட்டில் இவ்வளவும் ஓடியது. மைதானத்தில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

ஓட ஆரம்பித்ததும் பையன்களின் கை நனைந்துவிடுகிறது. அது பயத்தின் வேர்வையா வெயிலின் வேர்வையா என்று விரலில் கட்டிய எலக்ட்ரோடுக்குத் தெரியாது. கோடு உச்சிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு நான் எலக்ட்ரோடாக வைத்திருந்தது செம்புத் தகடு. உப்பு வேர்வையில் மின்சாரம் ஓடினால் செம்பு என்ன ஆகும்? இரண்டாவது ஞாயிறு தகடு பச்சைப் பசேல். பையன் ஒருத்தன் விரலைக் காட்டி “அண்ணே, கோயில் செம்புல கை வச்ச மாதிரி இருக்குண்ணே” என்றான். ஈசிஜிக்கு ஒட்டும் வெள்ளி, வெள்ளிக் குளோரைடு ஸ்டிக்கருக்கு மாறினேன். பச்சை போனது. வேர்வைப் பிரச்சினை போகவில்லை.

மணிக்கட்டில் வைத்த நாடி சென்சார் இன்னும் வேடிக்கை. ஓடுகிற பையனுக்கு 168 என்று கல்லில் எழுதினாற்போலக் காட்டியது. எனக்கு ஒரே பூரிப்பு. மாமா அவனை நிறுத்தி, கழுத்தில் விரல் வைத்து 15 வினாடி எண்ணினார்: 36. அதாவது 144. “உன் மிஷின் எதை எண்ணுது மாப்ளே?” திரும்ப ஓடவிட்டு, இந்த முறை காலடியை எண்ணினேன். 15 வினாடிக்கு 42. நான்கால் பெருக்கினால் 168. சென்சார் இதயத்தை விட்டுவிட்டு காலடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது! கால் தரையில் விழும்போதெல்லாம் பட்டையும் தோலும் ரத்தமும் சேர்ந்து குலுங்குகின்றன. தோலில் ஒளி பாய்ச்சி அளக்கும் எந்தச் சென்சாருக்கும் இந்த வியாதி வரக்கூடும். நல்ல வாட்ச்களில் அசைவு சென்சாரை வைத்து இதைக் கழித்துப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கை எழுதும் பொறுமை இல்லை. மணிக்கட்டைக் கைவிட்டேன்.

நெஞ்சுக்கு மாறினோம்

முதலில் ஏடி8232 போர்டு. மூன்று ஸ்டிக்கர், மூன்று வயர், இதயத்தின் மின்அலையே நேராகக் கிடைக்கும். உட்கார்ந்திருக்கும்வரை அழகு. ஒரு எச்சரிக்கை மட்டும்: லேப்டாப் சார்ஜரில் செருகியிருக்கும்போது இதை யார் நெஞ்சிலும் ஒட்டாதீர்கள். அலைமேல் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறுவது சின்ன விஷயம். வீட்டுக் கரண்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு மலிவு சார்ஜர் மட்டும் நிற்பது பெரிய விஷயம். பேட்டரியில் மட்டும்தான் ஓட்டினேன்.

நடக்க ஆரம்பித்ததும் வயர் ஆடியது, அலை ஆடியது. 20 நிமிடத்தில் வேர்வையில் ஸ்டிக்கர் வழுக்கி பனியனுக்குள் விழுந்தது. பிட்டுவின் வார் வேறு நேராக ஸ்டிக்கர்மேல் உரசியது. இதற்குமேல் முரண்டு பிடிப்பதில் அர்த்தமில்லை என்று போலார் எச்10 நெஞ்சுப் பட்டை ஒன்றை வாங்கினேன். என் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. ஆனால் உள்ளங்கையில் எதிரியாக இருந்த வேர்வை இங்கே கூட்டாளி: இந்தப் பட்டையை நனைத்துத்தான் கட்டவே வேண்டும்.

பட்டை ப்ளூடூத்தில் இதயத்துடிப்பைச் சொல்லும். கூடவே ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளியையும் சொல்லும். எனக்கு வேண்டியது அந்த இடைவெளிதான். நிம்மதியாக இருக்கும் இதயம் மெட்ரோனோம் மாதிரி அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகவும் விடும்போது கொஞ்சம் நிதானமாகவும் அடிக்கும். இந்த ஊசலாட்டம் சுருங்கினால் உடம்பு ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டுகிறது என்று பொருள். அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்கிற எண் கிடைக்கும். 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த முறையில், குறுகிய பதிவு என்றால் 5 நிமிடம்.

இஎஸ்பி32-ஐ ப்ளூடூத் கேட்பானாக மாற்றி, எஸ்டி கார்டில் எழுத வைத்தேன். முதல் பதிவிலேயே எண்கள் தாறுமாறு. எது சரி எது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய வழி ஒன்று தோன்றியது, இதைச் செய்கிற எல்லோரும் முதலில் இதையே செய்யலாம். 5 நிமிடப் பதிவின் எல்லா இடைவெளிகளையும் கூட்டினால் 300 வினாடி வரவேண்டும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே நேரம் எங்கே ஓடிப்போகும்?

எனக்கு வந்தது 190 சொச்சம். மூன்றில் ஒரு பங்கு காணோம். துருவிப் பார்த்தால், பட்டை அனுப்பும் ஒரு ப்ளூடூத் பாக்கெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடைவெளி வரலாம். நான் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். வினாடிக்கு ஒரு பாக்கெட், இதயமோ வினாடிக்கு ஒன்றுக்கு மேல் அடிக்கிறது என்றால் அப்படித்தான் ஆகும். அதைச் சரிசெய்து மறுபடி கூட்டினேன். 307.2 வினாடி.

இது இன்னும் மோசம். 300 வினாடியில் 307 வினாடி எப்படி நடக்கும்? தண்ணீர் குடித்துவிட்டு வந்து 307.2-ஐ 300-ஆல் வகுத்தேன். 1.024. உறைத்தது. ப்ளூடூத் இதயத்துடிப்புத் தரத்தில் இடைவெளியின் அலகு மில்லிவினாடி அல்ல, வினாடியில் 1024-இல் ஒரு பங்கு. ஆயிரம் என்று நான் வைத்தேன், அவர்கள் 1024 என்று வைத்திருக்கிறார்கள். ஒரு வரி மாற்றம். கூட்டினால் 300-க்கு அரை வினாடி இப்படி அப்படி. அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்; பட்டை கட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு துடிப்பு தப்பினால்கூட ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. எகிறிவிடும் என்பதால், முந்தைய இடைவெளியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் அதைத் தள்ளிவிடும் வடிகட்டி ஒன்றும் சேர்த்தேன்.

எண் வந்தது, அர்த்தம் வரவில்லை

இனி பையன்கள். 18 வயது நிறைந்த நான்கு பேர் மட்டும். என்ன எடுக்கிறோம், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினோம். தினமும் எழுந்ததும் 5 நிமிடம் படுத்தபடி பதிவு. வாரம் ஒருமுறை நடையின்போது பதிவு.

நடையின்போது எடுத்த ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. குப்பைக்குத்தான் போனது. ஓடினாலே ஊசலாட்டம் அடங்கிவிடும், அது அழுத்தமா ஓட்டமா என்று பிரிக்க வழியில்லை. சிப்பாய் என்பவனோ எப்போதும் எதையாவது சுமந்துகொண்டு எங்காவது நடப்பவன். ஆய்வுக்கூட நாற்காலியில் வேலை செய்த அழுத்தமானி அவனிடம் தோற்பது இங்கேதான்.

அசைவு சென்சாரை வைத்து ஒரு வழி செய்து பார்த்தேன். இந்த அளவு அசைவுக்கு இவ்வளவு துடிப்பு நியாயம். அதற்கு மேல் அடிப்பது மனசின் கணக்கு. யோசனை என்னுடையதல்ல, ஜெர்மனியில் ஃப்ரைபர்க்கைச் சேர்ந்த மைர்டெக் என்கிற ஆய்வாளர் இதை முன்பே ‘கூடுதல் இதயத்துடிப்பு’ என்று செய்து பார்த்திருக்கிறார். மாமா விசிலும் ஸ்டாப்வாட்சுமாக நிற்கும்போது, ஓட்டம் தொடங்கும் கோட்டில் சும்மா நின்ற பையன் ஒருத்தனுக்குத் துடிப்பு 112. அசைவு பூஜ்யம். இது சுத்தமான படபடப்பு. அந்த இடத்தில் முறை அருமையாக வேலை செய்தது. பிட்டு ஏறியதும் படுத்துவிட்டது. 12 கிலோ சுமந்தாலும் அசைவு சென்சாருக்கு அது வெறும் நடைதான்.

காலைப் பதிவுதான் கொஞ்சம் பேசியது. ஒரு பையனுக்கு வழக்கமாக 60-ஐ ஒட்டி வரும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. எண் மூன்று நாளாக 30-க்குக் கீழே. மாமாவிடம் சொன்னேன். அவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். ஷூ கம்பெனியில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருகிறானாம். தங்கச்சி கல்யாணக் கடன். எண்ணில் இதெல்லாம் எழுதியிருக்காது. ‘ஏதோ சரியில்லை, போய்க் கேள்’ என்று மட்டும்தான் சொன்னது.

எண் குறைந்தால் எப்போதும் கெடுதல் என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கப் படையின் உயிர்பிழைப்புப் பயிற்சிப் பள்ளிகளில் சார்லஸ் மார்கன் என்கிற மனநல மருத்துவர் செய்த ஆய்வில், சோதனைக்கு முன் ஊசலாட்டம் குறைவாக இருந்தவர்களே பிறகு நன்றாகச் செய்தார்கள் என்று வந்தது. இறங்கும் முன்பே உடம்பு இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொள்கிறதோ என்னவோ.

இதை மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னார்: “இந்த நம்பர யார் பார்ப்பாங்க மாப்ளே? அங்க மெடிக்கல்ல ஷேப்-1-ன்னு ஒண்ணு இருக்கு. அஞ்சு எழுத்து. மொத எழுத்து எஸ், அது மனசு. அதுல ஒண்ணு எறங்கினா லோ மெடிக்கல் கேட்டகரி. ப்ரமோஷன், கோர்ஸ் எல்லாம் தள்ளிப் போவும். பொண்டாட்டி பிரசவத்துக்கு லீவு கெடைக்காம நைட் முழுக்க முழிச்சிருப்பான், காலைல ‘ஆல் ஓகே சாப்’பும்பான். நீ நெஞ்சுல கட்டிவிட்ட மிஷின் அவனைக் காட்டிக் குடுத்துச்சுன்னா, அடுத்த நாளே பட்டைய வேற எவன் நெஞ்சுலயாச்சும் கட்டி அனுப்புவான்.”

இதற்கு என்னிடம் சர்க்யூட் இல்லை.

சூடு

ஏப்ரல் நடுவில் திட்டத்தைத் திருப்பினேன். மாமாவை உறுத்தியது விழுந்த பையன். அவனை விழ வைத்தது மனசல்ல, சூடு. அதை அளக்க முடியுமா?

உடம்பின் உள்சூட்டைச் சரியாக அளக்க, ஆய்வுகளில் ரேடியோ மாத்திரை ஒன்றை விழுங்க வைப்பார்கள். அது நமக்காகாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் நேட்டிக்கில் ராணுவத்தின் சுற்றுச்சூழல் மருத்துவ ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்கே மார்க் புல்லரும் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட ஒரு முறை, நிமிடத்துக்கு ஒரு இதயத்துடிப்பு எண்ணை மட்டும் வைத்து உள்சூட்டை ஊகிக்கிறது. அடிப்படைச் சமன்பாடு இவ்வளவுதான்: துடிப்பு = 384.4286 × சூடு − 4.5714 × சூட்டின் வர்க்கம் − 7887.1. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 37 டிகிரிக்குச் சுமார் 78, 38-க்கு 120, 39-க்கு 152.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் பயந்தாலே காய்ச்சல் என்று காட்டும். அதனால் நடுவில் ஒரு கால்மன் வடிகட்டி. உடம்பு ஒரு நிமிடத்தில் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது என்று அதற்குத் தெரியும், நிமிடத்துக்கு 0.022 டிகிரிதான் அதன் சந்தேக அளவு. துடிப்பு பக்கம் சந்தேகம் தாராளம், 18.88. ஒரு நிமிடம் இதயம் எகிறினால் கண்டுகொள்ளாது. இருபது நிமிடம் எகிறியே கிடந்தால் நம்பும். ஊரில் வதந்தியைக் கேட்கும் பெரியவர் மாதிரி. புரோகிராம் மொத்தம் பதினைந்து வரிக்குள் அடங்கிவிட்டது. இத்தனை வேலையில் ஒரே தடவையில் ஓடிய பகுதி இது ஒன்றுதான்.

அதோடு 1998-இல் மோரான், ஷிட்சர், பாண்டால்ஃப் மூவரும் தந்த உடல் சிரமக் குறியீட்டையும் சேர்த்தேன். சூட்டுக்கு 5, துடிப்புக்கு 5, ஆக 10-க்கு மதிப்பெண். ஒரு ஞாயிறு நடையில் 25-ஆவது நிமிடம், ஓய்வில் 62 துடிப்பும் 37 டிகிரியும் உள்ள பையன்: இப்போது துடிப்பு 165, ஊகித்த சூடு 38.3. சூட்டுப் பங்கு 1.3-ஐ 2.5-ஆல் வகுத்து ஐந்தால் பெருக்க 2.6. துடிப்புப் பங்கு 103-ஐ 118-ஆல் வகுத்து ஐந்தால் பெருக்க 4.4. மொத்தம் 7. ‘அதிகம்’ என்கிற வரிசை. இஎஸ்பி32 வைத்த பெட்டி கீச்சென்றது. மாமா அவனை நிறுத்தி பிட்டுவை இறக்கினார். “நல்லாத்தான் இருக்கேண்ணே” என்றான். அதே வாக்கியம். நிழலில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வாந்தி எடுத்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றி. அடுத்த வாரம் மாமாவே கட்டிக்கொண்டு நடந்து காட்டுகிறேன் என்றார்.

அன்று வெயில் 8 மணிக்கே சுட்டது. 40 நிமிடம் நடந்தார். சட்டை பிழிந்தால் ஓடும். முகம் செங்கல் நிறம். திரையைப் பார்த்தேன்: துடிப்பு 112, சூடு 37.5, சிரமம் மூன்றரைக்கும் குறைவு. ‘இன்னும் ஒரு மணி நேரம் நட’ என்று சொல்லாத குறை. எனக்கு அந்த முகமும் இந்த எண்ணும் ஒட்டவே இல்லை. “மாமா போதும், உட்காருங்க” என்று பெட்டியை அணைத்தேன். புரோகிராமில் தப்பு என்றுதான் நினைத்தேன். ராத்திரி முழுக்க வரிவரியாகப் பார்த்தேன். தப்பில்லை. பட்டையும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

மறுநாள் அக்கா வீட்டில் காபி குடிக்கும்போது, டிவி ஸ்டாண்டின் மேல் ஒரு மாத்திரை அட்டை. மெட்டோப்ரோலால். ரத்த அழுத்தத்துக்கு, இரண்டு வருடமாக. இதயத்தை வேகமாக அடிக்க விடாமல் கடிவாளம் போடும் வகை மாத்திரை. துடிப்பை வைத்துச் சூட்டை ஊகிக்கும் கணக்கிடம் இவர் எவ்வளவு வெந்தாலும் ‘குளுகுளு’ என்றுதான் தெரிவார்.

“சொல்லவே இல்லையே மாமா?”

“நீ கேக்கவே இல்லையே மாப்ளே.”

இது சின்ன விஷயமில்லை. பொய்யாகக் கீச்சிடும் பெட்டி தொல்லை மட்டும்தான். கீச்சிட வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பெட்டி ஆளைக் கொல்லும். இப்போது பெட்டியோடு ஒரு 40 பக்க நோட்டும் போகிறது. பட்டை கட்டுமுன் நான்கு கேள்வி: என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், காய்ச்சல் பேதி உண்டா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா. நான்காவது கேள்வியை நான் இருக்கும்போது மாமா கேட்பதில்லை. மாத்திரை என்று சொன்னவனுக்குப் பட்டை கிடையாது. பெட்டி என்ன சொன்னாலும், கண் சொருகினால், பேச்சு குழறினால் நடை நிற்கும்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. பட்டை ப்ளூடூத்தில் தன் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டே இருக்கிறது. மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றபடி என் போனில் அதைப் பார்க்க முடிந்தது. மாமாவிடம் காட்டினேன். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்கிற ஓட்டப் பயிற்சிச் செயலி உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டதையும், 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்கிற ஆஸ்திரேலிய மாணவர் அதில் பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிவதைச் சுட்டிக்காட்டியதையும் சொன்னேன். சிப்பாய்கள் முகாமைச் சுற்றி ஓடிய தடம்தான் அந்த வெளிச்சம். மாமா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைக் கட்டிக்கிட்டு பார்டர்ல நின்னா, நான் இங்க இருக்கேன்னு டார்ச் அடிக்கிற மாதிரி. ஏரிக்கரைக்கு ஓகே.”

இப்போதைய நிலவரம்: இஎஸ்பி32, எஸ்டி கார்டு, பேட்டரி, கீச்சான் எல்லாம் அக்காவின் பழைய டிபன் பாக்ஸ் ஒன்றுக்குள், ஸிப் கவரில் சுற்றி. வேர்வை உள்ளே போய் ஒரு போர்டு செத்த பிறகுதான் ஸிப் கவர் வந்தது. தோல் சென்சாரையும் மேக்ஸ்30100-ஐயும் கழற்றிவிட்டேன். மாமா அந்த மாத்திரையோடு பிட்டு நடை போகலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். இப்போது நடைக்குச் சைக்கிளில் உடன் வருகிறார். பட்டையின் எலாஸ்டிக் தளர்ந்து நழுவுகிறது. புதிது விலை கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையற்காரரிடம் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.